முகூர்த்த நாளில் போன் அடிக்க வேண்டும்!

கீபோர்டு, கிட்டார், தபேலா, பேட், புல்லாங்குழல் என்று எதை வாசிப்பவராக இருந்தாலும் முதலில் ஒரு தினசரிக் காலண்டர் வாங்குங்கள். சுபமுகூர்த்த நாட்களுக்கெல்லாம் வட்டம் போடுங்கள். வளர்பிறை முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தால் இரட்டை வட்டம். அந்த நாட்களுக்கு முந்தின மாலையில்தான் பெரும்பாலான வரவேற்புகள் நடக்கின்றன. மதுரையிலோ திருச்சியிலோ கோவையிலோ கொஞ்சம் பெயரெடுத்த கீபோர்டு பிளேயருக்கு அந்த ஒரே மாலைக்கு இரண்டு மூன்று இடத்திலிருந்து அழைப்பு வரும். அவரால் ஓர் இடத்துக்குத்தான் போக முடியும். மற்ற இடங்களுக்கு அவரே ஆள் தேடுவார்.

அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஹோட்டல் மேனேஜரிடமும் ஈவென்ட் கம்பெனியிடமும் நம்பர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அவர்கள் யாரும் தனி ஆளாகக் கீபோர்டு பிளேயரைத் தேடுவதில்லை. மொத்தமாக ஒரு குழுவைத்தான் தேடுகிறார்கள். ஒற்றை வாத்தியக்காரரைத் தேடுகிறவர் இரண்டே பேர்தான்: குழுவை நடத்துகிறவர், அதே வாத்தியத்தை வாசிக்கும் இன்னொருவர். முதலாமவருக்கு உங்களைத் தெரியாது, தெரியாத ஆளை மேடையேற்ற அவருக்குத் துணிச்சலும் இருக்காது. இரண்டாமவர்தான் வழி. போட்டியாளர் என்று நீங்கள் ஒதுங்கிப் போகிற அதே ஆள்தான் உங்களுக்கு முதல் கச்சேரியை வாங்கித் தரப்போகிறார்.

அவரைப் பிடிப்பது கஷ்டமில்லை. அவர் வாசிக்கும் கோயில் கச்சேரிக்குப் போங்கள். முடிந்த பிறகு எல்லாரும் கிளம்பும்போது நீங்கள் கிளம்பாதீர்கள். கேபிள் சுருட்டும் நேரத்தில் போய், ஒரு குறிப்பிட்ட பாட்டின் இடையிசையில் எந்த டோன் வைத்தார் என்று கேளுங்கள். ‘சூப்பரா வாசிச்சீங்கண்ணே’ என்பதைவிட இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். உங்களுக்குக் காது இருக்கிறது என்று அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கடுத்து, நெருக்கடியான முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள்:

“வணக்கம்ணே. போன வாரம் கச்சேரி முடிஞ்சதும் பேசினேனே, சர்ச்ல வாசிக்கிற கீபோர்டு பையன். வர்ற 23, 24 ரெண்டு சாயங்காலமும் காலியாத்தான் இருக்கேன். கீபோர்டு, ஸ்டாண்ட் சொந்தமா இருக்கு, பைக்கும் இருக்கு. ஆள் தேவைப்பட்டா கூப்பிடுங்கண்ணே.”

இவ்வளவு போதும். வாங்கிய சான்றிதழ், ஜெயித்த போட்டி எதையும் எழுத வேண்டாம். தேதி, கருவி, வந்து சேரும் வழி மூன்றும்தான் அவருக்கு அவசரத்தில் தேவைப்படும் தகவல். காலை பதினொரு மணிக்குப் போன் வந்து மாலை ஆறு மணிக்கு மேடையில் இருக்க முடிகிறவருக்கு இந்தத் தொழிலில் தனி மரியாதை உண்டு. அவரைவிட நன்றாக வாசிக்கிறவர் நாலு நாள் யோசித்துப் பதில் சொன்னால், அடுத்த தடவை அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

இதில் ஒரு தர்மம் இருக்கிறது. எங்கும் எழுதி வைக்காததால் பலர் அதில் வழுக்குகிறார்கள். ஒருவருக்குப் பதிலாகப் போன மேடையில் உங்கள் விசிட்டிங் கார்டை நீட்டாதீர்கள். குழுவை நடத்துகிறவர் அடுத்த வாரம் உங்களை நேராகக் கூப்பிட்டால், அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டு, “அண்ணே, அவங்க என்னையே கேக்குறாங்க, போகட்டுமா?” என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் ‘போய்ட்டு வா தம்பி’ என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் போனால் வாத்தியக்காரர்கள் வட்டாரம் முழுக்க ஒரே வாரத்தில் செய்தி பரவிவிடும். கீபோர்டுக்காரர்கள், பேடுக்காரர்கள், பாடகர்கள் என்று தனித்தனி வாட்ஸ்அப் குழு இருக்கிற காலம் இது.

மேடையில் என்ன எதிர்பார்க்கிறார்கள்?

மெல்லிசைக் குழுவில் ஒத்திகை என்பது அபூர்வம். பாட்டுப் பட்டியல் மதியம் வந்தால் அதிர்ஷ்டம். பல சமயம் மேடையில்தான் தெரியும். பாடகர் திரும்பி, “அஞ்சரைக் கட்டை, நேரா பல்லவி” என்பார். ஒரு கட்டை என்றால் சி, நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஆறு ஏ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். மேற்கத்திய முறையில் கிரேடு பரீட்சை எழுதி வந்த பிள்ளைகள் பலர் இந்தக் கட்டைக் கணக்கில்தான் முதல் நாள் திணறுகிறார்கள். கீபோர்டுக்காரருக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. அழுத்தியதை அடுத்த பாட்டில் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்தால் மொத்த மேடையும் அபஸ்வரத்தில் நிற்கும். புல்லாங்குழல்காரர் கட்டைக்கு ஒன்றாகக் குழல் பையைச் சுமந்துதான் ஆக வேண்டும். கிட்டார், பேஸ் வாசிப்பவர்கள் எல்லாச் சுருதியிலும் கை பழக வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

அடுத்தது இடையிசை. நம் ஊர் ரசிகர் பாட்டோடு சேர்த்து அதன் முன்னிசையையும் இடையிசையையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். இளையராஜா பாட்டில் வயலின் வரும் இடத்தில் நீங்கள் சொந்தமாக ஒரு லீட் வாசித்தால், முன்வரிசையில் இருக்கும் பெரியவர் முகம் சுளிப்பார். கற்பனைக்கு இடமில்லையா என்று கேட்கலாம். இந்த மேடையில் மிகக் குறைவு என்பதுதான் நேர்மையான பதில். கற்பனைக்கு வேறு மேடை உண்டு, பின்னால் வருகிறேன்.

எத்தனை பாட்டு தெரிந்திருக்க வேண்டும்? ஒரு கச்சேரியில் மூன்று மணி நேரத்தில் இருபத்தைந்து முப்பது பாட்டு ஓடும். ஆனால் எந்த முப்பது என்று யாருக்கும் தெரியாது. தொடக்கத்துக்குப் பிள்ளையார் பாட்டு, அப்புறம் எம்.எஸ்.விஸ்வநாதன், பிறகு இளையராஜா, ரஹ்மான், கடைசி அரை மணிக்கு அந்த வருஷத்துக் குத்துப் பாட்டுகள். இந்த வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம்தான் மாறும். வரவேற்பில் பந்தி நடக்கும் நேரத்துக்கு மெலடி. கிராமத்துக் கோயில் மேடையில் அம்மன் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டும் கூடுதலாக வேண்டும். அங்கே பேட் வாசிப்பவரிடம் பம்பை, உடுக்கை, உருமி, பறை டோன்கள் சுத்தமாக இருந்தால் அவருக்கு வேலை தானாக வரும். ஆக்டபேட் எல்லாரிடமும் இருக்கிறது. நல்ல டோன்கள் சிலரிடம்தான் இருக்கின்றன.

கைபேசியில் எடுத்த ஒன்றரை நிமிட வீடியோ ஒன்று கையில் இருக்கட்டும். உங்கள் திறமையெல்லாம் கொட்டும் தனி வாசிப்பு வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, பாடகருக்குப் பின்னால் அடக்கி வாசிப்பது. குழு நடத்துகிறவர் பார்ப்பது அந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

வேலை எங்கே இருக்கிறது?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் குறைவு. கல்யாணத்தை மட்டும் நம்பியவர் அந்த மாதங்களில் காற்று வாங்க வேண்டியதுதான். ஆனால் ஆடி முழுக்க அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பும் தீமிதியும் நடக்கும். தெருவுக்குத் தெரு மேடை. தென்மாவட்டங்களில் பங்குனியும் சித்திரையும் அறுவடைக் காலம்: தாயமங்கலம், விருதுநகர், வீரபாண்டி என்று ஒன்று முடிந்தால் ஒன்று. தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா ஜூலை 26 தொடங்கி ஆகஸ்ட் 5 வரை. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 வரை. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டதும் வீட்டுக்கு வீடு பஜனை. தபேலா, டோலக், கீபோர்டு மூன்றுக்கும் தினசரி வேலை. டிசம்பரில் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் பாடல் நிகழ்ச்சிகள், 31 இரவு ஹோட்டல்கள்.

கோயில் திருவிழாவில் யாரிடம் போய்க் கேட்பது? இங்கேதான் பலர் தப்பான கதவைத் தட்டுகிறார்கள். தர்மகர்த்தாவிடமோ நிர்வாக அதிகாரியிடமோ போய் நிற்பதில் பலனில்லை. திருவிழா நோட்டீஸைக் கையில் எடுத்துக் கடைசிப் பத்திவரை படியுங்கள். ‘இரவு 8 மணிக்கு இன்னிசைக் கச்சேரி’ என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘உபயம்’ என்று ஒரு பெயர் இருக்கும். மண்டகப்படி நடத்துகிற உறவின்முறையாக, வியாபாரிகள் சங்கமாக, ஆட்டோ ஸ்டாண்டாக, வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு குடும்பமாக இருக்கலாம். காசு கொடுப்பது அவர்கள். எந்தக் குழு என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். அதே உபயதாரர்தான் அநேகமாக அடுத்த வருஷமும் செய்வார். ஆகவே இந்த வருஷ நோட்டீஸ்களைச் சேகரியுங்கள். கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்னால் அந்தப் பெயர்களைத் தேடிப் போங்கள். நோட்டீஸில் அச்சாகும் குழுக்களின் பெயரும் போன் நம்பரும் வாத்தியக்காரர்களுக்கு வேலை தேடும் பட்டியல். சுவரொட்டிகளும் அப்படியே.

இன்னொரு நல்ல வாசல், மைக் செட்டுக்காரர். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் முதல் தகவல் அவருக்குத்தான் வருகிறது. ‘கச்சேரிக்கு யாரையாவது சொல்லுங்களேன்’ என்று மண்டபத்தில் வைத்தே அவரிடம் கேட்பார்கள். ஒலி சோதனைக்கு நேரத்துக்கு வந்து, அவர் ஆட்களிடம் கத்தாமல் பேசுகிற வாத்தியக்காரரை அவர் மறப்பதில்லை. இசைக்கருவி விற்கும், பழுது பார்க்கும் கடைகளும் முக்கியம். 1842-இல் தொடங்கிய, சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பெரிய கடை எல்லா ஊரிலும் இருக்காது. தோல் மாற்றுகிற, தந்தி விற்கிற ஒரு சின்னக் கடை எல்லா ஊரிலும் உண்டு. சனிக்கிழமை காலையில் அங்கே நின்றால் ஊரின் பாதி வாத்தியக்காரர்களைப் பார்த்துவிடலாம்.

கர்நாடக இசை படித்தவர்களுக்குச் சபா மேடை மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. டிசம்பர் சீசனில் இளையவர்களின் மதியக் கச்சேரிக்குக் கிடைக்கும் தொகை ஆட்டோ செலவுக்குச் சரியாக இருந்தால் பெரிது. ‘மேடை தருகிறோம், நீங்கள் நன்கொடை கொடுங்கள்’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். உண்மையான வருமானம் பரதநாட்டிய அரங்கேற்றங்களில் இருக்கிறது. ஒவ்வொரு அரங்கேற்றத்துக்கும் வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது குழல் கட்டாயம் வேண்டும். இதில் மட்டும் ஒத்திகைகள் உண்டு. எத்தனை என்று முதலிலேயே கேட்டு, அதற்கும் சேர்த்துத் தொகை பேசுங்கள். ஒரு நடன ஆசிரியைக்கு உங்கள் வாசிப்பு பிடித்துவிட்டால் அவருடைய மாணவிகள் ஒவ்வொருவராக மேடையேறும்போதும் உங்களுக்கு அழைப்பு வரும். கூடவே வானொலி நிலையத்தின் குரல், வாத்தியத் தேர்வையும் முடித்து வையுங்கள். ‘பி’ தொடங்கி ‘பி ஹை’, ‘ஏ’, ‘டாப்’ வரை போகும் அந்தக் கிரேடுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. பள்ளி வேலைக்கும் அரசு விழாவுக்கும் அது பேசும்.

அரசு விழா என்றதும் கட்சிக்காரர் சிபாரிசு வேண்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் உங்கள் குழுவைப் பதிவு செய்து வைப்பது எளிது. பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமம் போன்ற நிகழ்ச்சிகளுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பது அந்தத் துறைதான். நாட்டுப்புறக் கலைஞர்கள், தங்களுக்கென அரசு 2007-இல் தொடங்கிய நல வாரியத்திலும் உறுப்பினராகிவிட வேண்டும். உறுப்பினர் அட்டை இல்லாமல் வாரியத்தின் உதவித்தொகை எதற்கும் நிற்க முடியாது.

குழுவில் சேர்வதா, தொடங்குவதா?

முதலில் சேருங்கள். எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் கிட்டாரும் ஆர்மோனியமும் வாசித்தவர் இளையராஜா. கங்கை அமரனும் அதில் கிட்டார் வாசித்தார். யாரோடு வாசிக்கிறோம் என்பது பின்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. சுமாரான குழுவில் முதல் ஆளாக இருப்பதைவிட உங்களைவிட நன்றாக வாசிக்கிறவர்கள் நடுவில் உட்காருவது லாபம், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும்.

சொந்தக் குழு தொடங்க நினைப்பவர் கணக்கைத் தெரிந்துகொண்டு தொடங்கட்டும். ஒரு வரவேற்பு 70,000 ரூபாய்க்குப் பேசப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒலி, ஒளிக்கு 15,000, வண்டிக்கு 6,000, பிடித்துக் கொடுத்தவருக்கு 7,000 போனால் மிச்சம் 42,000. பாடகர்கள், வாத்தியக்காரர்கள், தொகுப்பாளர் என்று ஒன்பது பேருக்குத் தலைக்கு 3,500 கொடுத்தால் 31,500. நடத்துகிறவருக்கு 10,500. மேடையில் நிற்பவருக்கு இது அநியாயமாகத் தெரியும். ஆனால் கல்யாணம் நின்றுபோனாலும் பாடகி வராமல் போனாலும் மழை வந்து மிக்ஸர் நனைந்தாலும் அந்த 10,500-லிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். வாத்தியக்காரர்களுக்கு அதே இரவில் கையில் கவர் கொடுக்க முடியாதவர் குழு தொடங்கக் கூடாது. கச்சேரி பிடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அன்றைக்கே பட்டுவாடா செய்கிறவர்கள் குறைவு. அப்படிப்பட்டவருக்கு நல்ல வாத்தியக்காரர்கள் தேதியை ஒதுக்கி வைக்கிறார்கள்.

கரோக்கே வந்து இந்தத் தொழிலின் கீழ்த்தட்டை எடுத்துக்கொண்டுவிட்டது என்பதையும் மறைக்க வேண்டாம். பிறந்தநாள், வளைகாப்பு, சின்ன வரவேற்பு எல்லாம் இப்போது ஒரு பாடகர், ஒரு லேப்டாப். இதைத் திட்டிப் பயனில்லை. கீபோர்டு, பேட் அல்லது தபேலா, ஒரு பாடகர் என்று மூன்று பேர் சேர்ந்தால் கரோக்கேயைவிடக் கொஞ்சம் கூடுதலான செலவில் உயிருள்ள இசை கொடுக்கலாம். ஒரே காரில் போய்வரலாம். பத்து பேர் குழுவைக் கேட்கத் தயங்கும் வீட்டுக்காரர்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள். சொந்தப் பாட்டு பாட நினைப்பவர்களுக்கு வேறு மேடைகள் திறந்திருக்கின்றன. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு கானாவையும் பறையையும் ராக்கையும் சேர்த்துத் தனக்கென்று ரசிகர்களை உண்டாக்கியது. கற்பனைக்கான மேடை என்று மேலே சொன்னது இதைத்தான். ஆனால் அந்தப் பாதையில் முதல் இரண்டு மூன்று வருஷம் வாடகை கட்டுவது முகூர்த்தக் கச்சேரிதான்.

பேச்சு, காசு, சட்டம்

தொகை பேசும்போது ‘பார்த்துக் கொடுங்க’ என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. எத்தனை மணிக்கு மேடையில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்கு முடியும், ஊர் எவ்வளவு தூரம், சாப்பாடு உண்டா, கவர் எப்போது என்று ஐந்தையும் கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள். பாடகிகள், பெண் வாத்தியக்காரர்கள் ஆறாவதாக ஒன்று சேர்க்க வேண்டும்: இரவில் வீட்டு வாசல்வரை வண்டி. பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறோம் என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

முடியும் நேரம் சட்ட விஷயமும்கூட. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காக மாநில அரசு நள்ளிரவுவரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. அனுமதி வாங்க வேண்டியது விழா நடத்துகிறவர்கள். ஆனால் போலீஸ் வந்து ஒயரைப் பிடுங்கினால் பாதிக் கச்சேரிக்குப் பாதிக் காசு என்று பேசுவார்கள். எங்கள் தவறில்லாமல் நின்றுபோன கச்சேரிக்கு முழுத் தொகை என்று முன்பே சொல்லி வையுங்கள்.

பாட்டுரிமை பற்றி 2017-இல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பு அனுப்பிய நோட்டீஸுக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரு பயம் வந்துவிட்டது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆவது பிரிவு மதச் சடங்குகளுக்கும் கல்யாண ஊர்வலம், கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சி, ஹோட்டல், கம்பெனி விழா ஆகியவற்றுக்கு ஐ.பி.ஆர்.எஸ். போன்ற அமைப்பிடம் உரிமம் தேவைப்படும். அதை எடுப்பது நிகழ்ச்சி நடத்துகிறவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

கம்பெனி நிகழ்ச்சிக்குப் போனால் பெரும்பாலும் தொகையில் 10 சதவீதம் வரிக்கெனப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் வங்கியில் போடுவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். நிறைய வாத்தியக்காரர்கள் இந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தாக்கல் செய்த கணக்கு வண்டிக் கடனுக்கும் உதவும், விசாவுக்கும் உதவும்.

விசா என்றால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. சுற்றுலா விசாவில் போய் வாசிக்கலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்ப வேண்டாம். மாட்டினால் ஏஜென்டுக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் பாஸ்போர்ட்டில்தான் முத்திரை விழும். வேலைக்கு ஆள் எடுக்கிறவர் உரிமம் உள்ளவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். ஏற்கெனவே அதே இடத்தில் வாசித்துவிட்டு வந்தவர் ஒருவரிடம் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியாக, தொகையை எப்போது ஏற்றுவது? ஒரே முகூர்த்த நாளுக்கு மூன்று பேர் உங்களைக் கேட்கும் நிலை இரண்டு சீசன் தொடர்ந்தால் ஏற்றலாம். புதிதாகக் கேட்பவர்களிடம் புதுத் தொகை சொல்லுங்கள். ஆரம்பத்தில் கூப்பிட்டவர்களுக்குத் தை பிறக்கும்வரை பழைய தொகையிலேயே வாசியுங்கள், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போக முடியாத மற்ற இரண்டு கச்சேரிக்கு, போன வாரம் கேபிள் சுருட்டும்போது டோன் பற்றிக் கேட்ட பையனின் நம்பரைக் கொடுங்கள்.